பூச்சும் பசலையும்

ஓராண்டுக்கு முன்பு இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தோம். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் பசலை படர்வதைப் பற்றிய பாடம். முன்வரிசையில் ஒரு மாணவி இரு கன்னங்களையும் துப்பட்டாவால் மூடியபடி அமர்ந்திருந்தார். முந்திய வாரம் வரை முகம் நிறையப் பவுடர் பூசி வந்தவர் அவர். "இன்றைக்குப் பூச்சு வேலை முடியவில்லையோ?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவர் தலைகுனிந்தார்.

மணியடித்த பின் அவருடைய தோழி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். "சார், பருத்தழும்பு போகும்னு மெடிக்கல்ல ஒரு ஆயின்மெண்ட் வாங்கிப் போட்டா. இப்ப முகமெல்லாம் வெந்த மாதிரி ஆயிருச்சு. அம்மாகிட்டக்கூட சரியா சொல்லல சார்."

மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்கிய களிம்பு அது. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று தெளிந்ததாம். ஊரார் பாராட்டினார்களாம். நிறுத்தியவுடன் முகம் சிவந்து, எரிந்து, முன்பைவிட அதிகமாகப் பருக்கள் கிளம்பின. தோல் மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் அவர் தேறிவரப் பல மாதங்கள் ஆயின. அன்று வகுப்பில் நாம் சொன்ன சொல் இன்றும் உறுத்துகிறது. தழும்பை மறைக்கப் பவுடர் பூசிய பிள்ளையைக் கேலி செய்தோம். தழும்பை அழிக்க நஞ்சைத் தேடிப் போகிற பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லாமல் இருந்தோம். இக்கட்டுரையை அதற்கான கழுவாய் என்று வாசக அன்பர்கள் கொள்ளலாம்.

முகத்தின் மாசை மறைப்பது வேறு, முகத்தின் நிறத்தையே மாசென்று எண்ணி அழிப்பது வேறு. முன்னது பழைய, தீங்கற்ற கலை. பின்னது நோயை விலைகொடுத்து வாங்குவது. நாமோ முன்னதை நையாண்டி செய்கிறோம், பின்னதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம்.

இந்த வேறுபாட்டை நம் அகப்பாடல்கள் நன்கறியும். தலைவியின் இயல்பான நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் அதனை விளக்குவர். அந்த மாமைதான் அழகு. அது கெட்டு மேனி வெளிறிப் பொன்னிறம் கொள்வதே பசலை. அது நோய், தலைவி அஞ்சுவது, தோழி கவலைப்படுவது, தாய் கண்டு ஐயுறுவது. திருக்குறள் 119ஆம் அதிகாரம் முழுவதையும் அதன் துயருக்கே ஒதுக்கி, 'பசப்புறு பருவரல்' எனப் பெயரிட்டது. இன்னொன்றும் கருதத்தக்கது. மேனியில் தோன்றும் புள்ளிகளுக்குச் சுணங்கு, தித்தி என்று சங்கப் புலவர்கள் பெயர் வைத்திருந்தார்கள்; வேங்கைப் பூவின் தாதோடு ஒப்பிட்டு அவற்றைப் பாடினார்கள். புள்ளி அழகாகவும் வெளிறல் நோயாகவும் இருந்த மொழியைத்தான் நாம் வகுப்பில் நடத்துகிறோம். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் புள்ளியை நோயென்றும் வெளிறலை அழகென்றும் நம்பிக் கடைக்குப் போகிறார்கள்.

பூசுவதையும் பேணுவதையும் சங்க இலக்கியமும் சிலம்பும் இழிவாகக் கருதவில்லை. மகளிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிக் கிடந்தன. இளங்கோ அவற்றை எண்ணிக்கையிட்டுச் சொல்கிறாரே தவிர எள்ளவில்லை. "இயற்கை அழகே அழகு, பூச்செல்லாம் போலி" என்று மேடைகளில் முழங்குகிறோமே, அந்த வைராக்கியத்துக்குச் சங்க இலக்கியத்திலும் சிலம்பிலும் சான்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

நம் பாட்டன்மார் காலத்தில் முகத்தின் வடு என்றால் பெரும்பாலும் அம்மைத்தழும்புதான். பெரியம்மையில் பிழைத்ததன் அடையாளம் அது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975ஆம் ஆண்டு மே மாதம் கண்டறியப்பட்டார். அதே 1975ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் ஆகிய மூன்றையும் கலந்து மங்குக்கான மருந்துக் கலவையை வெளியிட்டார். இம்மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் அதில் ஒரு பாடம் உண்டு. உண்மையான வடு முகங்களை விட்டு நீங்கிய நேரத்தில், வடுவே இல்லாத மாநிறம் ஒரு வடுவாக விற்கப்படலாயிற்று.

'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறிற்று. சென்னையிலிருந்து 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' போன்ற இயக்கங்களின் குரலுக்கும் அம்மாற்றத்தில் பங்குண்டு. ஆனால் நம் ஊர்ப்புறங்களில் இன்று அஞ்சத்தக்கவை விளம்பரத்தில் வராத குழாய்கள். கிளிக்மன் கலவையின் வழித்தோன்றல்கள், டெக்சாமெத்தசோனுக்குப் பதில் மோமெட்டசோன் சேர்த்து இங்கே விற்பனையாகின்றன. மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டியவை அவை. ஸ்டீராய்டு முதலில் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குவதால் முகம் தெளிந்ததாகத் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு பெருகும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாளாமல் மறுபடியும் பூசுவார்கள். 2018ஆம் ஆண்டு மைய அரசு 14 வகைத் தோல் களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. குழாய் நம் மாணவியின் கைப்பையில் இருந்தது.

இதனினும் கொடியது பாதரசம். நமக்கு அந்நியமான கதையன்று. மலைக்கு அப்பால், மலப்புரம் மாவட்டத்தில் நடந்தது. கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதுற்று வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அரிதான ஒரே வகை நோய். அவர்களுள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். அவ்வாய்வு 2024இல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளிவந்தது. மெலனின் என்னும் நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தையும் தாக்குகிறது. முகம் வெளுத்தது, கால் வீங்கிற்று என்றால் அதற்குப் பசலை என்ற பழம்பெயரே பொருந்தும்.

சரி, தழும்போடும் கரும்புள்ளியோடும் இருக்கிற பிள்ளை என்ன செய்வது? மறைத்துக்கொள்ளட்டும் என்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிடியா ஓலியரி என்ற அமெரிக்கப் பெண்ணுக்குப் பிறவியிலேயே முகத்தில் பெரிய செம்மச்சம் இருந்தது. அதை மறைக்கத் தமக்குத் தாமே ஒரு பூச்சை உருவாக்கி 1932இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் தழும்பும் வெண்புள்ளியும் உடையோருக்கு மறைப்பூச்சுக் கற்றுத்தரும் பணியைப் பல்லாண்டுகள் நடத்தி, 2011இல் வேறொரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அங்கே அது மருத்துவத்தின் துணைப்பணி. இங்கே கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் உரிய ஆடம்பரம்.

மறைப்பூச்சுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. நம் வீட்டு முற்றத்துக் கோலத்துக்குக் கரையிடும் காவிக்கல்லின் செம்மையும் அதுவே. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்கச் செய்கிறது. அவ்வொளியை இரும்பு ஆக்சைடு ஓரளவு தடுக்கிறது. ஆகவே நிறங்கலந்த சன் ஸ்கிரீன் மறைப்பதோடு காக்கவும் செய்கிறது.

செய்முறையும் எளியதே. மென்மையான சோப்பால் நாளைக்கு இருமுறை முகம் கழுவுதல், ஈரப்பசைக் களிம்பு, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன் ஸ்கிரீன், வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை மீண்டும். கரும்புள்ளியின் மேல் ஆரஞ்சுச் சாயலும் சிவந்த இடத்தில் பச்சைச் சாயலும் மெல்லத் தொட்டு, அதன் மேல் நம் தாடையோரத்து நிறத்தோடு பகல் வெளிச்சத்தில் பொருந்தும் கன்சீலர். ஒரு சாயல் வெளுப்பாக வாங்கினால் முகம் சாம்பல் பூக்கும். மறைக்க நினைத்த இடம்தான் முதலில் தெரியும். இரவில் கழுவிவிட்டு உறங்க வேண்டும். பருவைக் கிள்ளலாகாது. பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சை மலிவு என்பதற்காக அதன் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்கவும் கூடாது. தோல் புண்பட்டு இன்னும் கறுக்கும்.

மறைப்பதே ஊராரின் பழிச்சொல்லுக்குப் பணிவதாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊர் திருந்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது திருந்தும் வரை ஒவ்வொரு காலையும் தன் முகத்தைப் போர்க்களமாக்கிக்கொண்டு பேருந்தேற வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு ஆணையிட நாம் யார்? மறைப்பதும் மறைக்காதிருப்பதும் அவர் விருப்பம். மாலையில் கழுவினால் போகும் பூச்சு அவர் முகத்தை அவருக்கே திருப்பித் தருகிறது. களிம்பு அப்படித் திருப்பித் தருவதில்லை.

வாசுதேவநல்லூர்க் கோயிலில் உறைபவர் அர்த்தநாரீசுவரர். ஒரே மேனியில் இரு நிறம் கொண்ட அவ்வடிவைக் கைகூப்பித் தொழுதுவிட்டு வெளியே வந்து, முகத்தில் இரு நிறம் கொண்ட பெண்ணை வேண்டாமென்று சொல்லும் வீடுகளும் இவ்வூர்ப் பக்கம் உண்டு. அவர்களைத் திருத்தும் வலிமை ஒரு தமிழாசிரியருக்கு இல்லை. எழுத்தை வாசிக்கக் கற்றுத்தருவது நம் தொழில், அதைச் செய்யலாம்.

இவ்வாண்டு அதே பாடம் வந்தபோது, அவரவர் வீட்டில் உள்ள களிம்புக் குழாய்களைக் கொண்டுவரச் சொன்னோம். பதினொரு குழாய்கள் மேசைக்கு வந்தன. பொடியெழுத்தை உரக்க வாசிக்கச் சொன்னோம். நான்கில் ஸ்டீராய்டு. இரண்டில் உள்ளீட்டுப் பொருள்களின் பெயரே இல்லை. அதன் பிறகு மாமைக்குப் பொருள் சொன்னோம். மூன்றாமாண்டுக்குச் சென்றுவிட்ட அந்த மாணவியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் தழும்பு தெரியாதபடி அளவாகப் பூசியிருந்தார். "நன்றாக இருக்கிறது அம்மா" என்றோம். கேட்க வேண்டிய மன்னிப்பையும் அப்போதே கேட்டுக்கொண்டோம்.