புது போனில் பிளே ஸ்டோரே இல்லையா? ஏபிகே தேடும் முன் இதைப் படிங்க!

"ஏனுங்க, போன் நல்லாத்தான் இருக்குது. ஆனா பிளே ஸ்டோரைக் காணோமுங்களே?"

சிங்காநல்லூரோ காந்திபுரமோ, மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து வாங்கி வந்த போன், ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சீன மாடல், கைமாறி வந்த பழைய போன்... சிக்கல் பெரும்பாலும் இவற்றில்தான். டீக்கடையிலேயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கும் ஊரில், ஜிபே ஓடாத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காணாமல் போனது எது?

நாம் பார்க்கும் பிளே ஸ்டோர் வெறும் வாசல்தான். அதற்குப் பின்னால் 'கூகுள் பிளே சர்வீசஸ்' என்ற ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். லாகின், நோட்டிஃபிகேஷன், மேப் லொகேஷன் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிளே ஸ்டோரும் பிளே சர்வீசஸும் கூகுளின் சொத்து. போன் கம்பெனி அவற்றுக்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அதனால், முதலில் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், சிஸ்டம் ஆப்ஸையும் காட்டச் சொல்லிப் பாருங்க. அங்கே 'கூகுள் பிளே ஸ்டோர்' டிசேபிள் ஆகியிருந்தால் எனேபிள் கொடுத்தாலே போதும், வேலை முடிஞ்சுது. ஸ்டோர் இருந்தும் திறக்கவில்லை என்றால் போனில் தேதி, நேரம் சரியா என்று பாருங்க. பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ் இரண்டுக்கும் கேஷ் கிளியர் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. பாதிப் பிரச்னை இதிலேயே தீர்ந்துவிடும்.

சீனாவில் விற்பனைக்கு என்றே தயாரான ஷாவ்மி போன் என்றால், அக்கவுண்ட்ஸ் பகுதியில் 'பேசிக் கூகுள் சர்வீசஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, அந்த போனுக்குள்ளேயே இருக்கும் கம்பெனி ஸ்டோரில் பிளே ஸ்டோரைத் தேடி இன்ஸ்டால் செய்யலாம்.

ஹுவாவே கதை வேற

2019 மே மாதம் ஹுவாவே கம்பெனியை அமெரிக்கா வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதற்குமுன் வந்த மாடல்களில் கூகுள் தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அறிமுகமான மேட் 30 போனில் கூகுள் சேவை எதுவும் இல்லை. அதன் துணை பிராண்டான ஹானர், 2020 நவம்பரில் விற்கப்பட்டுத் தனி கம்பெனி ஆன பிறகுதான் 2021-ல் கூகுளை மீண்டும் பெற்றது. போனில் ஒரு குறையும் இல்லை, லைசென்ஸ்தான் இல்லை. இந்த மாதிரி போன்களில் மைக்ரோஜி போன்ற மாற்று வழிகளை வைத்து யூடியூப், மேப்பை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வங்கி, யுபிஐ ஆப்கள் பல, போன் கூகுளின் சான்று பெற்றதா என்று சோதித்துவிட்டுத்தான் திறக்கும். கடையில் காசு கொடுத்து பிளே ஸ்டோர் 'ஏத்திக்கிட்டு' வந்தும் பேமென்ட் ஆப் அடம்பிடிப்பது இதனால்தான்.

சான்று இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அதற்குள் அபவுட். அங்கே 'டிவைஸ் இஸ் சர்டிஃபைடு' என்று இருந்தால் கவலை வேண்டாம்.

ஏபிகே ஃபைலைப் போட்டால் என்ன?

உண்மையான ஆபத்து இங்கேதான். பிளே ஸ்டோர் இல்லாதவர் அடுத்து செய்வது, வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ யாரோ அனுப்பும் ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் செய்வது. டிராஃபிக் சலான், கல்யாணப் பத்திரிகை என்ற பெயர்களில் வந்த ஏபிகே ஃபைல்கள் எஸ்எம்எஸ் அனுமதி வாங்கி, ஓடிபியைத் திருடி, கணக்கைக் காலி செய்தது எல்லாம் செய்திகளில் பார்த்ததுதானே? பிளே ஸ்டோர் என்ற பெயரில் வரும் ஃபைலும் அப்படி இருக்க முடியும். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கூகுளுக்கு இவ்வளவு பிடி ஏன்?

இதே கேள்வியை இந்திய போட்டி ஆணையமும் கேட்டது. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் மொத்தமாக ஏற்றியே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் தவறு என்று 2022 அக்டோபர் 20-ல் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் கூகுள் இறங்கி வந்து, இந்தியாவில் ஆப்களைத் தனித்தனியாக லைசென்ஸ் எடுக்கலாம் என்றது. அதே மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும், வேறு ஆப் ஸ்டோர்களை பிளே ஸ்டோருக்குள் அனுமதிக்க வேண்டும் என்பது உட்பட 4 உத்தரவுகளை ரத்து செய்தது. தீர்ப்பு போன் கம்பெனிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு போனை வாங்கிவிட்டு முழிப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

அதனால் செகண்ட் ஹேண்ட் போன் என்றால், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சிம் போட்டு உங்கள் யுபிஐ ஆப் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்க. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் விவரம் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு மறக்காமல் உங்கள் கணக்கை அந்த போனில் இருந்து நீக்கிவிடுங்க.