யாழ்ப்பாணம் தந்த வடசென்னை எம்.பி.

கண்டெய்னர் லாரிகளைப் பற்றிய என் புலம்பல் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இந்த வாரமும் புலம்பத்தான் உட்கார்ந்தேன். டோல்கேட் பக்கம் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ஹார்பரை நோக்கி டிரெய்லர்கள் அசையாமல் நிற்கின்றன. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். சக்கரத்தை ஒட்டி ஸ்டவ்வை வைத்துக் கிளீனர் சோறு வடிக்கிறார். அவர்களைத் தாண்டிப் போக முடியாமல் ஒரு ஆம்புலன்ஸ் அலறுகிறது. எப்போது உள்ளே விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இவர்களுக்காக உள்ளே போய்க் கேட்க ஆளே கிடையாதா?

கேட்ட ஒருவர் இருந்தார். எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை. லாரிகள் நிற்கட்டும், அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1914-இல் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் படித்தவர். லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து மலையகத் தோட்டத் தொழிலாளர்களிடையே வேலை செய்தார். மனைவி கரோலின் சிங்களவர். கட்சித் தலைவர் பிலிப் குணவர்த்தனவின் தங்கை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு கட்சியை ஒடுக்கியபோது, 1942-இல் இருவரும் கடல் தாண்டி இங்கே வந்தார்கள்.

1946-இல் அவர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். 1918-இல் பி.பி. வாடியா தலைமையில் பிறந்து, திரு.வி.க. கட்டிக்காத்த சங்கம் அது. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் அதை நேற்று வந்த ஒருவரை நம்பி ஒப்படைத்தார்கள். எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கிறது. மறு வருஷமே மில்லில் பெரிய வேலைநிறுத்தம், மாதக்கணக்கில் நீண்டது. மாகாணத்தின் காங்கிரஸ் அரசு அவரைப் பிடித்து உள்ளே போட்டது. தொழிலாளர்கள் அவரைக் கைவிடவில்லை.

பின்னால் துறைமுகத் தொழிலாளர்களும் அவரைத் தலைவராக ஏற்றார்கள். அகில இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம்வரை போனார். 1957-இல் வடசென்னை அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பியது. ஊர்க்காரர் இல்லை, உறவு இல்லை, சாதிக் கூட்டம் இல்லை. இன்று ஒரு வார்டு கவுன்சிலர் சீட்டுக்குக்கூட முதலில் இந்த மூன்றையும்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். எங்கள் தாத்தாக்கள் எண்ணியது வேறு: நம்மோடு ஜெயிலுக்கு வந்தானா, இல்லையா?

2000-இல் அவர் காலமானார். கரோலின் நூறு வயது தாண்டி 2009 வரை வாழ்ந்தார். நம் பிள்ளைகளுக்கு இருவர் பெயரும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஓய்வுபெற்ற ஹார்பர்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். கேட் மீட்டிங்கில் அவர் எப்படிப் பேசுவார், யாழ்ப்பாணத் தமிழ் கடைசிவரை நாக்கில் இருந்ததா, நிர்வாகத்திடம் எப்படி வாதாடுவார்? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரப் பத்தி உங்களுக்குத்தான்.