தீப்பெட்டிப் படத்தை உரிக்காதீர்

நம் மாணவ நண்பர்கள் சிலர் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆயினும் அவர்கள் சேர்க்கும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. பழைய மரத்தகட்டுப் பெட்டி என்றால் நீரில் ஊறவைத்துப் படத்தை உரிக்கிறார்கள். இக்கால அட்டைப் பெட்டி என்றால் கத்தரிக்கோலால் நறுக்குகிறார்கள். படம் நோட்டுப் புத்தகத்திற்குப் போகிறது. மிச்சம் குப்பைக்குப் போகிறது.

அந்த மிச்சத்தில்தான் பாதி வரலாறு இருக்கிறது. தயாரித்தவர் பெயர், ஊர், விலை ஆகியவை பெரும்பாலும் பின்புறத்திலோ பக்கவாட்டிலோதான் அச்சாகியிருக்கும். ஐம்பது காசாக இருந்த பெட்டி 2007-இல் ஒரு ரூபாயாயிற்று. 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. படம் மாறாமலே விலை மட்டும் மாறிய பெட்டிகளை, படத்தைக் கொண்டு எப்படிக் காலம் பிரிப்பது? 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பெட்டியின்மேல் கலால் வரிச் சீட்டு ஒட்டினார்கள். ஊறவைத்தால் முதலில் போவது அதுதான்.

இன்னொன்று, ‘அழகான படம்’ என்னும் மயக்கம். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். பெட்டிக்குப் படம் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் அவ்வூரில் வேரூன்றியது. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே அச்சேறும். தாள் இம்மியளவு நகர்ந்தாலும் மயிலின் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்துவிடும். நம்மவர்கள் இதைக் ‘கெட்டுப்போன படம்’ என்று ஒதுக்குகிறார்கள். எனக்கோ, அச்சு எப்படி நடந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் படம் அதுவே!

அமெரிக்காவில் சிகரெட்டுடனும் சூயிங்கத்துடனும் வந்த பேஸ்பால் வீரர் அட்டைகளை, மூலை மழுங்காமை, நடுவமைப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு விற்கிறார்கள். 1952-இல் வெளியான மிக்கி மேண்டில் அட்டை ஒன்று, பழுதின்றி இருந்ததால், 2022-இல் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டாலருக்குப் போயிற்று. அது வணிகம். நம் தீப்பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. குச்சி உரசித் தேய்ந்த பெட்டியும் நமக்குச் சான்றே.

திருத்தணியில் இருந்துகொண்டு பெட்டி கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. படிபூஜையன்று படிதோறும் கற்பூரம் ஏற்றுகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். எந்த ஊர்ப் பெட்டி, எந்த மொழியில் அச்சு என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வாய்ப்பான ஊர் எது? காலிப் பெட்டியை முழுதாக எடுத்து, குச்சி இருந்தால் நீக்கிவிட்டு, கிடைத்த நாளையும் இடத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கப் பேராசிரியர்கள் மனம் வைத்தால், வரும் ஆடியிலேயே தொடங்கிவிடலாம்.