மயக்குபவரா, காப்பவரா?

தொல்காப்பியம் கற்றவர்க்கு மயக்கம் என்ற சொல் புதிதன்று. வேற்றுமை மயக்கம், திணை மயக்கம், மெய்ம்மயக்கம் என்று பலவற்றைப் பயில்கிறோம். அங்கெல்லாம் அச்சொல் கலத்தலைக் குறிக்கும். பேச்சு வழக்கிலோ தலைசுற்றலும் நினைவிழத்தலுமே மயக்கம். அச்சொல்லையே ஒரு மருத்துவத் துறைக்குச் சூட்டி, அத்துறை மருத்துவரை 'மயக்க ஊசி போடுபவர்' என்கிறோம். பெயர் குறுகியதால் அவர் பணியின் மதிப்பும் நம் மனத்தில் குறுகிவிட்டது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைச் செலுத்த, நோயாளிக்கு வலி தெரியாமல் அறுவை நடந்தது. மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அந்நிலைக்கு 'அனஸ்தீசியா' என்ற பெயரை முன்மொழிந்தார். உணர்வின்மை என்பது அதன் பொருள். இன்றோ மருந்து செலுத்துவது அத்துறையின் ஒரு கூறு மட்டுமே. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், குருதியில் உயிர்வளியின் அளவு ஆகியவற்றை நோயாளி கண் விழிக்கும் வரை காத்து நிற்பதே பெரும்பணி.

நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இது தொலைவான செய்தியன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவும் பகலும் ஆலைகள் ஓடுகின்றன. இரவு இரண்டு மணிக்கு ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் நசுங்குகிறது என்று கொள்வோம். அவர் சற்றுமுன்தான் உண்டிருப்பார். நிறைந்த வயிற்றோடு நினைவிழக்கச் செய்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் புகலாம், உயிரே போகலாம். இன்று அல்ட்ராசவுண்ட் கருவியால் நரம்பைக் கண்டு, அந்தக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை வளர்ந்துள்ளது. எனினும் கருவியை ஏந்தப் பயின்ற கை வேண்டுமே! அந்த வேளையில் அத்தகைய மருத்துவர் இல்லையெனில், அறுவை மருத்துவர் இருந்தும் பயனில்லை. நோயாளி சென்னைக்கு அனுப்பப்படுவார். நள்ளிரவுப் பேறுகாலத்திற்கும் இது பொருந்தும்.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருவள்ளூரும் ஒன்று. மகிழ்ச்சியே. ஆயின் மாவட்டத் தலைநகரில் கல்லூரி இருப்பது மட்டும் போதுமா? பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கு யார் இருக்கிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நிபுணர் பற்றாக்குறையை ஈடுசெய்ய, எம்.பி.பி.எஸ். முடித்தவர்க்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்துப் பேறுகால அவசர அறுவைக்கு அமர்த்தும் திட்டம் நாட்டில் உண்டு. தாய்மாரைக் காக்கும் அம்முயற்சியைக் குறை கூறோம். ஆனால் மூன்றாண்டு எம்.டி. படிப்பின் இடத்தை அக்குறுகிய காலப் பயிற்சி நிரப்பிவிடும் என்று அரசு எண்ணினால் அது பிழை.

தனியார் துறையிலோ இவர்களில் பலர் ஒரே நாளில் பல மருத்துவமனைகளுக்கு ஓடுகின்றனர். நோயாளியை அறுவை மேசையில்தான் முதன்முதலாகச் சந்திக்கும் நிலையும் உண்டு. முன்பரிசோதனைக்கு நேரமில்லாதபோது ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் ஆடும் பல்லும் எப்படித் தெரியவரும்?

நம் பங்கிலும் குறையுண்டு. வெறும் வயிறு என்று சொல்லியும், 'ஒரு வாய்க் காப்பிதானே' என்று ஊட்டிவிடுகிறோம். தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேர இடைவெளி போதும். பால் கலந்த காப்பிக்கு ஆறு மணி நேரம் வேண்டும். மகப்பேற்றுக்குப்பின் ஆண்டுக்கணக்கில் தொடரும் முதுகுவலிக்குத் தண்டுவட ஊசியே காரணம் என்கிறோம். ஆய்வுகள் அதற்குச் சான்று தரவில்லை.

ஆலைகள் சூழ்ந்த வட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் இத்துறை மருத்துவர் 24 மணி நேரமும் இருக்க, முறைப்பணி இடங்களை அரசு உருவாக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாளே அவர் நோயாளியைக் காண வேண்டும். நாமும் ஒப்புதல் தாளில் கையொப்பமிடுமுன், 'அறுவை செய்பவர் யார்?' என்பதோடு நில்லாமல், 'உடனிருந்து உயிர் காப்பவர் யார்?' என்றும் கேட்கப் பழகுவோம்.