சிவப்பு வால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஃப்ளாட் கார் பார்க்கிங்கில் 'கடக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி. சத்தத்தை உற்பத்தி செய்தவன் அடியேன்.

மூன்றாவது ஓனராக இருந்து நான் பரிபாலனம் செய்யும் 2012 மாடல் வேகன்-ஆரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று கண்ணாடிகளையும் பார்த்தாயிற்று. கழுத்தைத் திருப்பியும் பார்த்தாயிற்று (முப்பத்தாறு வயதில் அதற்கு மேல் திரும்பாது சார்). இறங்கிப் போய்ப் பார்த்தால், பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு சிவப்பு நிற மூன்று சக்கர சைக்கிள். கீழ் வீட்டுப் பாப்பாவுடையது. வயது மூன்று.

பாப்பா எங்கே?

தரையோடு தரையாகப் படுத்து காருக்கு அடியில் பார்த்தேன். யாருமில்லை. எழுந்தால், பாப்பா கையில் பிஸ்கட்டோடு வீட்டு வாசலில் நிற்கிறது. பிஸ்கட் எடுக்கத்தான் உள்ளே போயிருக்கிறது. பின்னாலேயே தாத்தா வந்தார். நசுங்கின சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரவால்ல தம்பி, சைக்கிள்தானே" என்றார். சொல்லிவிட்டு மெதுவாகப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலமே புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். பாப்பா அழுகையை நிறுத்தி, 'இதுல பெல் இருக்கு' என்று எனக்கு மன்னிப்பும் வழங்கிவிட்டது. என் மனைவிதான் ராத்திரி தோசை போடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.

தூக்கம் வராமல் இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் 2002ல், ஒரு குழந்தைகள் டாக்டர் தன் வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். எல்லாக் கண்ணாடியையும் பார்த்துத்தான் எடுத்தார். பின்னால் நின்றது அவருடைய இரண்டு வயதுப் பையன், கேமரன் கல்ப்ரான்சன். அங்கே பிஸ்கட் எடுக்க யாரும் உள்ளே போகவில்லை. அந்த அப்பா தன் துக்கத்தை மூட்டை கட்டி வைக்காமல் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து போராடி, 2008ல் பையன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்பது முழுசாக நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். ஃபைல் நகர அமெரிக்காவிலும் பத்து வருஷம் ஆகிறது என்பதில் ஓர் அற்ப ஆறுதல். இப்படி ரிவர்ஸ் வரும் வண்டிகளால் அங்கே வருஷத்துக்குச் சராசரியாக 210 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் அரசாங்கமே போட்ட கணக்கு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்ஸார் கட்டாயம். என்னுடையது 2012. சென்ஸாருக்கு முந்தைய யுகம்.

மறுநாள் காலையில் தாத்தாவே ஒரு பரீட்சை வைத்தார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காருக்குப் பின்னால் வைத்து, "தெரியுதா?" என்றார். நடுக் கண்ணாடியில் தெரியவில்லை. கேனை நகர்த்திக்கொண்டே போனார். தெரியவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றபோதும் தாத்தாவின் தலை தெரிந்ததே தவிர கேன் தெரியவில்லை. பின் கண்ணாடிக்குக் கீழே இருப்பது எதுவும் என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

அன்று மத்தியானமே ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டு ஜி.பி. ரோடு. சென்னையில் கார் வைத்திருப்பவன் ஒரு தடவையாவது பர்ஸை இளைக்க வைத்துக்கொண்டு திரும்புகிற வீதி. என் காரில் ஏற்கெனவே ஏழு அங்குலத் திரையோடு ஒரு ஸ்டீரியோ இருக்கிறது. கம்பெனி கொடுத்ததல்ல, முந்தைய ஓனர் மாட்டியது. கேமரா அறுநூற்றைம்பது ரூபாய்.

"ஃபிட்டிங் எழுநூறு சார்" என்றான் பையன்.

"கேமராவை விட ஃபிட்டிங் ஜாஸ்தியா?"

"கேமரா கையில குடுத்துடலாம் சார். வயரு முழுக்கக் காருக்குள்ள ஓடணும்ல?"

நியாயமான பதில். ஆனால் நான் பி.காம். எழுநூறு ரூபாய்க்கு ஒரு வவுச்சர் கூட இல்லாமல் பாஸ் பண்ணுவதா? 'நானே மாட்டிக்கிறேன்' என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், பாங்கில் இருக்கும் கரண்ட் அக்கவுண்ட்தான் என்பது அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு. ஸ்டீரியோவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை இழுத்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்தால், பின்னால் இடியாப்பம். மஞ்சள் வயர் பாட்டரியிலிருந்து நேராக, எப்போதும் வருவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். இதெல்லாம் ஸ்டிக்கரிலேயே இருந்தது. கேமராப் படம் நுழைய ஒரு வட்டச் சாக்கெட். அதற்குப் பக்கத்தில் யாரோடும் ஒட்டாமல், கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும் தெரியாத விருந்தாளி மாதிரி, ஒற்றை வயர் ஒன்று. 'ரிவர்ஸ்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கேமராவோடு கொடுத்த ஆறு மீட்டர் கேபிளில் இரண்டு முனையிலும் மஞ்சள் பின். பின்னுக்குப் பக்கத்தில், இரண்டு முனையிலும், மெல்லிசாக ஒரு சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருந்தது. சட்டையின் உள்பக்கம் எக்ஸ்ட்ரா பட்டன் தைத்துத் தருவார்களே, அது போல என்று நினைத்து, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, இரண்டு பக்கமும் ஒட்ட நறுக்கினேன்.

டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள் கேபிளை நுழைப்பதுதான் பெரும்பாடு. துடைப்பக் குச்சி ஒடிந்தது. சோப்புத் தண்ணீர் போட்டேன். கை வழுக்கியது, கேபிள் வழுக்கவில்லை. கடைசியில் பழைய குடைக் கம்பியில் கட்டி இழுத்தேன். ஒன்றரை மணி நேரம். எழுநூறு ரூபாய் எதற்கென்று அப்போது புரிந்தது. அங்கிருந்து கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஓட்டி, டேஷ்போர்டுக்குக் கொண்டுபோனது ஒப்பிட்டால் பால் பாயசம்.

கேமராவுக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ரிவர்ஸ் போடும்போது மட்டும் வேலை செய்யும். இஞ்சினை ஆன் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து 'ரிவர்ஸ் கியர் போடு' என்றேன். போட்டாள். டெஸ்ட் லாம்ப்பால் டெயில் லைட் வயர்களைத் தொட்டேன். முதல் வயரிலேயே எரிந்தது. அதிர்ஷ்டக்காரன்! இணைத்தேன். எல்லாவற்றையும் மூடி, ரிவர்ஸ் போட்டுப் பார்த்தால் திரையில் இளையராஜா படம்தான் இருந்தது. பாட்டு அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

மானுவலின் கடுகெழுத்தை அப்புறம்தான் படித்தேன். ஆபீஸர் மேஜையில் ஃபைல் இருக்கிறது என்பதற்காக அவர் திறந்து பார்த்துவிடுவாரா? யாராவது மணியடித்து 'அவசரம் சார்' என்று சொல்ல வேண்டும். படம் வந்து நின்றால் மட்டும் ஸ்டீரியோவுக்குப் போதாது. 'ரிவர்ஸ் போட்டாச்சு' என்று சொல்ல, அந்த விருந்தாளி வயருக்கும் பன்னிரண்டு வோல்ட் போக வேண்டும். சாயங்காலம் முழுக்க மறுபடி குடைக் கம்பி. தனியாக ஒரு வயர் ஓட்டி, அதே டெயில் லைட் வயரில் இணைத்தேன். மனைவி மறுபடி ரிவர்ஸ் போட்டாள். படம் பளிச்சென்று வந்தது! கேசரி செய்தோம்.

திங்கட்கிழமை நங்கநல்லூரிலிருந்து கிண்டிக்குக் கிளம்பினேன். முதல் வளைவில் பிரேக் பிடித்ததும் திரையில் எனக்குப் பின்னால் வந்த மாநகரப் பேருந்து. காலை எடுத்தால் இளையராஜா. பிடித்தால் பேருந்து. சிக்னலில் நின்ற இரண்டு நிமிஷமும், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூக்கு நோண்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்கூட்டர்காரரை ஏழு அங்குலத்தில் தரிசித்தேன். அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

விஷயம் இதுதான்: என் மனைவி பொறுப்பான டிரைவர். கியர் மாற்றச் சொன்னால் கிளட்சோடு பிரேக்கையும் அழுத்திக்கொண்டுதான் மாற்றுவாள். நான் பிடித்தது பிரேக் லைட் வயர்.

சாயங்காலம் கீழே தாத்தா பிடித்துக்கொண்டார். பெரம்பூர் கோச் ஃபாக்டரியில் எலக்ட்ரிகல் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர் என்பது அப்போதுதான் தெரியும்; நாலு வருஷமாகக் கீழ் வீட்டில் இருக்கிறார், நான் கேட்டதில்லை. டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"தனி வயர் எதுக்குப்பா ஓட்டினே? கேபிள்லயே வால் இருந்திருக்குமே?"

"இருந்துது சார். எக்ஸ்ட்ரான்னு நெனச்சு வெட்டிட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த வால்தான் பின்னாடியிலேர்ந்து முன்னாடிக்குச் சேதி சொல்ற வயரு. கேபிளுக்குள்ளயே ஓடுது. வண்டியில எக்ஸ்ட்ரா வயர்னு ஒண்ணு கெடையாது தம்பி."

மல்டிமீட்டர் எடுத்து வந்தார். கறுப்பு முனையைப் பாடி ஸ்க்ரூவில் வைத்தார். பிரேக்கில் கால் வைக்காமல் ரிவர்ஸ், அப்புறம் ரிவர்ஸ் இல்லாமல் வெறும் பிரேக் என்று இரண்டு தடவை பார்த்து, சரியான வயரைப் பிடித்தார். நான் முறுக்கி டேப் சுற்றியிருந்த இடங்களையெல்லாம் பிரித்துப் போட்டு சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ட்யூபை மாட்டினார். "மெட்ராஸ் வெயில்ல டேப்போட பசை உருகி ஆறு மாசத்துல அவுந்துடும்" என்றார். நடுவில் ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் வைத்தார். கேமரா அதில் சொற்பம்தான் எடுக்கும்; ஆனால் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் போவது ஃப்யூஸாக இருக்க வேண்டும், கார் அல்ல.

கேமராப் பக்கம் இரண்டு சின்ன வயர் வளையங்கள் தொங்கின. என் கை அனிச்சையாகக் கட்டிங் பிளேயரைத் தேடியது. தாத்தா பிளேயரை வாங்கித் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஒன்றை வெட்டினால் இடம் வலமாகிவிடும், முன்பக்கம் மாட்டுகிறவர்களுக்காக. இன்னொன்றை வெட்டினால் திரையில் வரும் கோடுகள் போய்விடும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புது மாடல் கார் வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்ன ஒரு விஷயம்: சில கார்களில் லைட்டுக்குக் கரண்ட் தொடர்ச்சியாக வராமல் துடித்துத் துடித்து வரும், நேராக இணைத்தால் படம் நடுங்கும். நடுவில் ஒரு ஃபில்டரோ ரிலேயோ வேண்டும்.

கோடுகள் விஷயத்தில் எனக்கு ஒரு அதிர்ச்சி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பார்க்கிங் கோடுகள் வருகின்றன அல்லவா, அவை என் காருக்காக அளந்து போட்டவை அல்ல. கேமராவுக்குள்ளேயே அச்சாகி வருபவை. தாத்தா சாக்பீஸால் பம்பரிலிருந்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தரையில் கோடு போட்டு ஒப்பிட்டார். சிவப்புக் கோடு வர இன்னும் இடம் இருக்கிறது என்று நான் நினைத்த இடத்தில், நிஜத்தில் ஒரு தண்ணீர் கேன் அகலம்தான் இருந்தது. கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து, பம்பர் விளிம்பு திரையின் அடியில் தெரிகிற மாதிரி வைத்தார்.

"சரி, உள்ள போய் உக்காரு."

உட்கார்ந்தேன். இஞ்சின் ஆஃப், ஹாண்ட் பிரேக் மேலே, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் போட்டேன். திரை மாறியது. சாக்பீஸ் கோடுகள், தண்ணீர் கேன், கேட். திடீரென்று கீழேயிருந்து ஒரு தலை முளைத்தது. பாப்பா கேமராவைக் கண்டுபிடித்துவிட்டது. திரை முழுக்க மூக்கும், பிஸ்கட் ஒட்டிய வாயும். நாக்கைத் துருத்திக் காட்டியது. நான் நிமிர்ந்து நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் காலி கார் பார்க்கிங்கும் கேட்டும் மட்டும் இருந்தன.

நான் சிரித்தேன். தாத்தா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"மொதல்ல சாவியை எடுத்து என் கையில குடு தம்பி."

கொடுத்தேன். திரை அணைந்தது. பின்னால் சைக்கிள் பெல் அடித்தது.