பத்து முதல் நான்கு வரை யாருக்கு?

தோழர்களே! ஓர் ஊரில் எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது என்பதைச் சற்றே கவனித்துப் பாருங்கள். அந்த ஊர் எவருடைய வசதிக்காக நடக்கிறது என்பது தானே விளங்கிவிடும்.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனியின் கதவு திறக்கிறது. தைப்பவரும், கைமடிப்பவரும், செக்கிங் பெண்களும் உள்ளே சென்றால், ஒரு ஷிப்ட் முடிந்து வெளியே வர மாலை ஐந்தரை ஆகும். ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட்; அப்போது வீடு திரும்ப இரவு ஒன்பதும் ஆகும். அவர்கள் திரும்பும் வழியில் அடகுக்கடையில் விளக்கு எரிகிறது. அரசின் மதுக்கடை திறந்திருக்கிறது. பகல் 12 முதல் இரவு 10 வரை என்பது 2016 மே மாதம் முதல் அதற்கு வகுக்கப்பட்ட நேரம். இனிப்புக்கடை திறந்திருக்கிறது, செல்போன் கடை திறந்திருக்கிறது. இருட்டிக் கிடப்பது ஒரே கட்டடம். அதுதான் அவர்களுடைய பணம் இருக்கும் கட்டடம்!

பெரும்பாலான கிளைகளில் காலை 10 மணிக்குத் திறப்பு, மாலை 4 மணிக்கு முடிவு. ஞாயிறு விடுமுறை. 2015 செப்டம்பர் முதல் நாளிலிருந்து மாதத்தின் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் விடுமுறை. தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் வங்கிக்கும் ஓய்வு; வங்கி திறந்திருக்கும் அத்தனை மணி நேரமும் தொழிலாளி இயந்திரத்தின் முன்னே. இருவரும் சந்திப்பது எங்ஙனம்? பகலும் இரவும் போல ஒருவர் வரும்போது மற்றவர் மறைகிறார்.

“அப்படியென்ன அவசரம்? ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போகட்டுமே” என்று சாவதானமாகச் சொல்பவர் உண்டு. மாதச் சம்பளமும் தற்செயல் விடுப்பும் பெற்றவர் அப்படித்தான் சொல்வார். நாட்கூலிக்காரருக்கு விடுப்பு என்ற சொல்லின் பொருள் வேறு. நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கே.ஒய்.சி. படிவம் கொடுக்க ஒரு நாள். “ஆதார் நகலில் கையொப்பம் இல்லை, நாளை வாருங்கள்” என்றால் மறுநாள். போயிற்று 1,200 ரூபாய்! தன் பணத்தைத் தான் எடுக்கத் தான் செலுத்தும் கட்டணம் இது. எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றாத வரி, எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறாத வரி. கோடீசுவரர் இந்த வரியைக் கட்டுவதில்லை; அவர் வீட்டுக்கு வங்கியின் மேலாளரே செல்வார். கட்டுவது யாரென்றால், கட்டவே இயலாதவர்.

இதை விதி என்று நாம் விட்டுவிடலாமா? இந்த நேரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டாமா?

நம் நாட்டு வங்கிகள் தொழிலாளிக்காகத் தோன்றியவை அல்ல. சென்னையில் 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து பலருடைய சேமிப்பு பாழானது. அதன் பின்னே 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1937-இல் சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். கடல் கடந்த வணிகம் அதன் நோக்கம். வணிகர், வக்கீல், மிராசுதார் ஆகியோர் வரும் நேரமே வங்கியின் நேரமாயிற்று. காலை 10 முதல் பகல் 2 வரை என்பது நெடுநாள் வழக்கம். அதற்கு ஒரு நியாயமும் இருந்தது, மறுக்கவில்லை. பேரேடுகளைக் கையால் எழுதி, கையால் கூட்டி, ஒரு காசு பிசகாமல் அன்றே சரிபார்க்க வேண்டும். கதவை 2 மணிக்குச் சாத்தினாலும் குமாஸ்தா இருட்டிய பிறகே வீடு செல்வார்.

1969 ஜூலை 19-ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. உச்சநீதிமன்றம் 1970 பிப்ரவரியில் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்து நாட்டுடைமை நிலைபெற்றது. 1980-இல் மேலும் 6 வங்கிகள். வங்கி மாளிகையின் வாசல் ஏழைக்கும் திறந்தது என்று நாடே மகிழ்ந்தது. மகிழ்ந்தது தவறன்று. நாட்டுடைமையின்போது நாடு முழுவதும் எட்டாயிரத்துச் சொச்சமே இருந்த கிளைகள், 1991-க்குள் அறுபதாயிரம் அளவுக்குப் பெருகின. கடன் என்றால் கந்துவட்டி என்று மட்டுமே அறிந்திருந்த சிற்றூர்களில் வங்கிப் பலகை தொங்கியது. ஆனால், தோழர்களே, வங்கியின் உடைமை மாறியது. உள்ளே சுவரில் தொங்கிய கடிகாரம் மாறவில்லை. மூடும் நேரம் 2 மணியிலிருந்து 4 மணிக்கு நகர்ந்ததே பெரிய மாறுதல். பேரேடு போய்க் கணிப்பொறி வந்துவிட்ட பிறகும் அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இதனால் தொழிலாளிக்குப் பெருங்கேடு இல்லை. ஏனெனில் அவருக்கு வங்கியே தேவைப்படவில்லை! 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், சம்பளத்தைப் பணமாகக் கொடுக்க வேண்டும், வேலை நாளிலேயே கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதாவது, கூலியை வாங்க ஆள் அலையக்கூடாது என்பது அந்த வெள்ளையர் காலச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. சனிக்கிழமை மாலை, கம்பெனி வாசலில், கவரில் கூலி. இன்றோ நிலைமை தலைகீழ். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்து கோடிக்கணக்கானோருக்குக் கணக்குத் திறக்கப்பட்டது. 2017-இல் அந்த ஊதியச் சட்டமே திருத்தப்பட்டு, எந்தெந்தத் தொழில்களில் கூலி வங்கி வழியாகவோ காசோலையாகவோதான் தரப்பட வேண்டுமென அரசு அறிவிக்கலாம் என்றாயிற்று. நூறு நாள் வேலையின் கூலி கணக்கில் வந்தது. முதியோர் உதவித்தொகை கணக்கில். எரிவாயு மானியம் கணக்கில். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், 1 கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில். அந்தத் தொகையிலும், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் பிடித்தம் செய்ததாகப் புகார் எழுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பிடித்தம் ஏன் என்று கேட்க வேண்டுமானால் அந்தப் பெண் எப்போது போவார்? நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு அவர் வெளியே வரும்போது மணி இரண்டு. பேருந்து பிடித்துச் சென்றால் மூன்றரை. வரிசை வாசல்வரை.

அரசு ஏழையின் ஒவ்வொரு காசையும் வங்கிக்குள் கொண்டுபோய் வைத்தது. வைத்தபின் கதவின் நேரத்தை மட்டும் பழைய மிராசுதாரின் நேரமாகவே விட்டுவிட்டது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்களே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

“ஏ.டி.எம். இருக்கிறது, செல்போன் இருக்கிறது. இன்னும் எதற்குக் கிளைக்குப் போகவேண்டும்?” என்று கேட்பவருக்கும் பதில் சொல்லவேண்டும். ஏ.டி.எம். நல்லதுதான். 1967 ஜூனில் லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி அந்தப் பொறியை வைத்தது. அதை உருவாக்கிய ஷெப்பர்டு பேரன், ஒரு சனிக்கிழமை வங்கிக்கு நேரங்கழித்துச் சென்று ஏமாந்ததால்தான் அந்த எண்ணமே தோன்றிற்று என்று பின்னாளில் கூறினார். ஆக, கதவடைப்பின் குழந்தைதான் ஏ.டி.எம்.! ஆனால் அந்தப் பொறி நோட்டை எண்ணிக் கொடுக்கும், நியாயம் சொல்லாது. இறந்துபோன கணவரின் கணக்கிலுள்ள தொகையை மனைவிக்கு மாற்றித் தராது. அடகு வைத்த நகையை மீட்டுத் தராது. கையொப்பம் மாறிப்போயிற்று என்றால் ஏனென்று கேட்காது. தன் சொந்த வங்கியின் பொறியில் மாதம் 5 முறைக்குமேல் எடுத்தால், 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை கட்டணம் வேறு. செல்போனோ, எண் தொலைந்தால் புது எண்ணைப் பதிவுசெய்ய மறுபடி அதே வரிசைக்குத்தான் அனுப்பும். நகைக்கடனை நினைத்துப் பாருங்கள்: வங்கியில் வட்டி குறைவு, அடகுக்கடையில் வட்டி கூடுதல். இருந்தும் ஏன் அடகுக்கடைக்குக் கூட்டம்? இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான் விளக்கு எரிகிறது. பல காரணங்களில் அதுவும் ஒன்று, சிறிய காரணமன்று.

இன்னொன்றைக் கேளுங்கள். பெரும்பணத்துக்கு இன்று விடுமுறையே இல்லை. 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகைகளை அனுப்பும் ஏற்பாடு 2020 டிசம்பர் 14 முதல் இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. நல்லது, ஓடட்டும். கடன் தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும், முன்பு வங்கி வேலை நாட்களில் மட்டும் இருந்தது, 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாட்களுக்கும் விரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் தவணையைப் பிடிக்கலாம்! கணக்கில் பணமில்லையென்றால் அபராதமும் விழும். ஏன் பிடித்தீர்கள் என்று கேட்க அதே ஞாயிற்றுக்கிழமை போனால், பூட்டு. எடுப்பதற்கு ஏழு நாள். கொடுப்பதற்கும் கேட்பதற்கும் ஐந்தரை நாள். இதென்ன கணக்கு?

ஞாயிறன்று வங்கி திறக்கவே முடியாதா என்றால், திறந்ததுண்டு. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. அந்த வாரமே 12-ஆம் நாள் இரண்டாம் சனி, 13-ஆம் நாள் ஞாயிறு. இரண்டு நாளும் வங்கிகள் திறந்திருந்தன. 2024 மார்ச் 31 ஒரு ஞாயிறு. நிதியாண்டின் கடைசி நாள், அரசின் வரவு செலவு அன்றே கணக்கில் ஏறவேண்டும் என்பதற்காக, அரசுப் பணிகளைக் கையாளும் கிளைகளைத் திறந்து வைக்குமாறு ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. அரசுக்குத் தேவை வரும்போது ஞாயிறும் வேலை நாள்; கூலிக்காரருக்குத் தேவை வரும்போது மட்டும் அது மீறமுடியாத ஓய்வு நாள்!

இந்த இடத்தில் நம்மவருள் சிலர் தடம் புரள்வதைக் கண்டிருக்கிறேன். “வங்கி ஊழியர்கள் சுகவாசிகள், அவர்களை இழுத்துப் பிடித்து வேலை வாங்கவேண்டும்” என்று மேடையில் முழங்குகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. வேண்டாம், தோழர்களே! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பது பழமொழி. இங்கே நடை சாத்தும் நேரத்தை வகுத்தது பூசாரியல்ல. கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பெண் ஊழியர் காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். நான்கு மணிக்குக் கதவு சாத்திய பின்னும் மேசையை விட்டு எழுவதில்லை. ஓய்வு பெற்றவரின் நாற்காலி காலியாகவே கிடக்க, இருவர் வேலையை ஒருவர் பார்க்கிறார். போதாக்குறைக்குக் காப்பீட்டுப் பத்திரம் விற்கவேண்டும் என்ற நெருக்கடியும் அவர் தலையில். 1946-இல் தொடங்கிய அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் போராடிப் பெற்ற பணிநேரத்தைப் பறித்து நாம் மாலைக் கவுண்டரைக் கேட்கவில்லை. வாரம் ஐந்து நாள் வேலை வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையும் நியாயமானதே. 2024 மார்ச்சில் வங்கி நிர்வாகங்கள் சங்கங்களோடு கையெழுத்திட்டு, அரசின் ஒப்புதலை எதிர்நோக்கிய கோரிக்கை அது.

ஊழியருக்கு ஐந்து நாள். கிளைக்கு ஏழு நாள். இது ஏன் முடியாது? மருத்துவமனையில் முடிகிறது, பேருந்துப் பணிமனையில் முடிகிறது. ஆள் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. வேலையில்லாப் பட்டதாரிகளுக்கா இந்நாட்டில் பஞ்சம்?

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை என்பதைத்தான் நம் தோழர்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். வங்கிகளின் சேவையை ஆராய்ந்த கோய்போரியா குழு 1991-லேயே அறிக்கை தந்தது. ரிசர்வ் வங்கி 2015 ஜூலையில் தொகுத்து வெளியிட்ட வாடிக்கையாளர் சேவைச் சுற்றறிக்கையைப் படித்துப் பாருங்கள். இரண்டு ஷிப்ட் வைக்கலாம். ஞாயிறல்லாத வேறொரு நாளை வார விடுமுறையாக வைக்கலாம். ஞாயிறும் சேர்த்துத் திறக்கலாம். கிராமக் கிளைகள் உள்ளூர்த் தேவைக்கேற்பத் தம் நேரத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நேரம் முடியுமுன் உள்ளே நுழைந்துவிட்ட ஒவ்வொருவருடைய வேலையையும் முடித்துக் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. மூன்றே முக்காலுக்கு வந்த மூதாட்டியைத் திருப்பியனுப்பும் வழக்கம் எந்தக் கிளையிலேனும் இருந்தால் அதற்கு விதியின் துணை கிடையாது. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

கேட்கும் இடமும் உண்டு. முன்னோடி வங்கித் திட்டம் 1969 டிசம்பரில் வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஆட்சித் தலைவரின் தலைமையில் வங்கியாளர்களின் ஆலோசனைக் குழு கூடுகிறது. கடன் இலக்கு எட்டப்பட்டதா என்று பேசுகிறார்கள்; கதவு எப்போது திறக்கிறது என்று பேசுவதாகத் தெரியவில்லை. மாநில அளவிலான வங்கியாளர் குழுவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கூட்டுகிறது. நம் ஒன்றியக் கிளைகளும் நகரக் கிளைகளும் செய்யவேண்டியது இதுதான்: உங்கள் ஊரில் ஷிப்ட் எப்போது முடிகிறது, வாரக்கூலி எந்த நாளில், சந்தை எந்தக் கிழமை என்று எழுதுங்கள். அதற்கேற்ப எந்தக் கிளையில் மாலை 5 முதல் 8 வரை கவுண்டர் வேண்டும், எந்தக் கிளை ஞாயிறு திறந்து செவ்வாய் மூடலாம் என்று பெயர் குறித்துக் கேளுங்கள். அதற்கு எத்தனை ஊழியர் கூடுதலாக வேண்டும் என்பதையும் அதே மனுவிலேயே சேருங்கள். தையற்கூடத்திலும், செங்கல் சூளையிலும், சந்தையிலும் கையொப்பம் வாங்கி, அடுத்த கூட்டத்துக்கு முன்னே ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்பு படியொன்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வங்கி ஊழியர் சங்கத்துக்குச் செல்லுங்கள். அவர்களிடமும் கையொப்பம் கேளுங்கள்.