பன்னிரண்டாம் ஆண்டின் நீலமலர்

2018ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் குறிஞ்சி பூத்திருந்தபோது, நாமும் குடும்பத்தோடு சென்று அதனைக் கண்டோம். வாகனங்களில் வந்தோர் சிலர் பூங்கொத்துகளை ஒடித்துக் கை நிறைய அள்ளிச் சென்றனர். "மறுபடியும் தளிர்த்துவிடும் அல்லவா?" என்று நம்முடன் வந்த சிறுமி கேட்டாள். தளிர்க்காது என்பதே உண்மை. இச்செடி பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை முற்றியதும் மடிந்துபோகும். ஒடிக்கப்பட்ட கொத்திலிருந்து அடுத்த தலைமுறை இல்லை.

எனினும், மலர் பறிப்போரை மட்டும் கடிந்துகொள்வது நியாயமன்று. பெரிய இழப்பு பூக்காத ஆண்டுகளில், எவர் கண்ணிலும் படாமல் நிகழ்கிறது. குறிஞ்சி திறந்த புல்வெளியின் செடி; வெயில் அதற்கு இன்றியமையாதது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காடுகளைச் சூழ்ந்திருந்த அப்புல்வெளிகளை முன்னோர் பலர் பயனற்ற தரிசு என்றே எண்ணினர். தேயிலைத் தோட்டங்கள் ஒரு பகுதியைக் கொண்டன. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், கூழுக்காகத் தைல மரமும், அவற்றோடு பைன் மரமும் பெருமளவில் நடப்பட்டன. அவற்றின் அடர்ந்த நிழலில் குறிஞ்சி பிழைப்பதில்லை. சீகையை வெட்டினாலும் தீரவில்லை. அதன் விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து மீண்டும் முளைக்கின்றன.

மரம் நடுவது அறம் என்று நம் பிள்ளைகளுக்கு நாமே கற்பித்து வருகிறோம். அதில் பிழையில்லை. ஆயினும், எங்கே எதை நடுவது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தவறிவிட்டோம். மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடும் புல்வெளியை அழித்து எழுப்பிய மரத்தோப்பைக் காடு என்று அழைப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை.

இம்மலைச் செடிகளை அறிய விரும்புவோர்க்கு, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராப்பினாத் உலர்தாவரச் சேகரிப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ அடிகளாரின் உழைப்பு பெருந்துணை. பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1999இல் வெளிவந்தது. செடியைத் தாளில் ஒட்டிக் காக்கலாம். மலைச்சரிவை அவ்வாறு காக்க இயலாது.

கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இச்செடியை அழிவுக்கு இலக்காகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

2018இல் உதிர்ந்த விதைகளிலிருந்து எழுந்த செடிகள் 2030இல் பூக்க வேண்டும். அதுவரை அவை பூவின்றி வெறும் பச்சைப் புதர்களாய்ப் புல்லிடையே நிற்கும். சுற்றுலா செல்வோர் எவரும் அவற்றருகே வண்டியை நிறுத்துவதில்லை.